செந்தூலில் எங்கள் பூட்டை மாற்றியபோது

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் அந்த வீட்டை எடுத்தபோது நாங்கள் எண்ணிக் கொடுத்தது 4,200 ரிங்கிட். மாத வாடகை 1,200. இரண்டு மாத டெபாசிட் 2,400. தண்ணீர், கரண்டுக்கென்று அரை மாதம் 600. அதற்கு மேல் முதல் மாத வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய எங்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரியவில்லை. ஆனால் அப்போது எங்கள் கையில் இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். என் கணவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நானும் நான்கு வயது மகளும் திருவாரூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தோம். அது 2022 மார்ச்.

கோலாலம்பூரில் வீடு தேடியவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். சில விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். போடாதவர்களும் போனில் பெயரைக் கேட்டதும் "வீடு போயிருச்சு" என்று வைத்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படிப் பதினொரு வீடு கைவிட்டுப் போனது. மலேசிய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு எல்லா மனிதரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. குடிமக்கள் மட்டும் என்று அந்த வரியில் இல்லை. ஆனாலும் ஆளைப் பார்த்து வீடு தர மறுக்கும் தனியார் வீட்டுக்காரரைத் தடுக்க இங்கே சட்டம் இல்லை. அதனால், தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு தமிழ்க்காரர் "நம்ம ஆளுங்கதானே, வாங்க" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதியில் கேட்க வேண்டியது ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை.

மாமாக் கடை என்று இங்கே சொல்லும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் தேத்தாரே (பால் தேநீர்) குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். இரண்டு பக்கக் காகிதம், ஓராண்டு ஒப்பந்தம். குடியிருப்பவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர் மட்டும். முத்திரை வரி கட்டவில்லை. "ஸ்டாம்பிங்லாம் எதுக்கு தம்பி, வீண் செலவு" என்றார் வீட்டுக்காரர். வாடகை ரொக்கமாக வேண்டும், ரசீது கிடையாது. இவ்வளவுக்கும் தலையாட்டிய என் கணவர் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மறுத்தார். "பாஸ்போர்ட்ட எங்கிட்டக் குடுத்து வைங்க, ஒரு நம்பிக்கைக்கு" என்று அவர் கேட்டபோது, "ஆபீஸ்ல அடிக்கடி கேப்பாங்க அங்கிள், காப்பி எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிரதியின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இது வீட்டு வாடகைக்கு மட்டும் என்றும் தேதியும் எழுதிக் கொடுத்தார். இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமில்லாமல் கையில் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம். முதலாளியானாலும் வீட்டுக்காரரானாலும் ஏஜெண்டானாலும் இதில் வித்தியாசமில்லை.

ஒன்றரை வருடம் நன்றாகவே போனது. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தோம், அவர் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தபோது புதிதாக எழுதவில்லை. "அப்படியே இருங்கம்மா" என்றார், இருந்தோம். பிறகு குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிய ஆரம்பித்தது. படுக்கையறைச் சுவரில் பச்சை பூத்தது, மகளுக்கு இருமல் நிற்கவில்லை. இரண்டு மாதம் கேட்டுக்கேட்டு அலுத்து, அவர் சம்மதத்தோடு நாங்களே 380 ரிங்கிட் கொடுத்து ஆள் வைத்துச் சரிசெய்தோம். அதை வாடகையில் கழிக்கச் சொன்ன நாளிலிருந்து அவர் பேச்சு மாறியது.

2024 ஜனவரியில் வாடகை 1,600 என்றார். இதற்கு உச்சவரம்பு ஏதாவது உண்டா என்று விசாரித்தோம். கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டிய பழைய கட்டடங்களுக்குப் பொருந்தியது. 1997இல் அதை ரத்து செய்யச் சட்டம் வந்து, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு முழுதாக விலகியது. என் கணவரோடு வேலை செய்யும் பினாங்குக்காரர் ஒருவர் சொல்வார்: ஜார்ஜ்டவுன் லெபு பாசார் பக்கம் மூன்று தலைமுறையாக இருந்த அவர் தாத்தா குடும்பம் அந்த வருடம்தான் பெட்டி கட்டியதாம். அதற்குப் பிறகு வாடகை குடியிருப்பவர்களுக்கென்று தனிச் சட்டம் இந்த நாட்டில் வரவில்லை. கொண்டுவரப்போவதாகப் பல வருடமாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. ஆகவே அவர் 1,600 கேட்டதில் சட்டப்படி தவறில்லை. எங்களால் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். ஒரு மாத அவகாசம் கொடுங்கள், வேறு வீடு பார்த்துப் போய்விடுகிறோம் என்றோம்.

"ஒரு வாரம்தான். வீடு வாங்க ஆள் வந்தாச்சு" என்றார். அப்புறம் குரல் செய்தி ஒன்று வந்தது. இரண்டு வருடம் ஆகியும் அதன் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. "தம்பி, உங்க விசா விசயம் எல்லாம் எனக்குத் தெரியும். இமிகிரேஷன்ல ஒரு போன் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க லா."

எங்கள் பாஸ், அதாவது இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி, முறையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் அதைப் புதுப்பிக்கக் கணவரின் அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தார்கள். ஒரு தவறும் செய்யாதவர்களுக்கும் குடிநுழைவுத் துறை என்ற சொல்லைக் கேட்டால் வயிறு கலங்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று இரவு என் கணவர் "பேசாம போயிடலாமா?" என்றார். டெபாசிட்டை விட்டுவிட்டா என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் நின்றது. கீழே போய்ப் பார்த்தால் எங்கள் மீட்டருக்குப் பக்கத்து வால்வு மூடியிருந்தது, திருகும் கைப்பிடியைக் காணோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம், மூன்று நாள் வாளியில் தண்ணீர் கொடுத்தார். நான்காம் நாள் மதியம் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறக்கப் போனால் சாவி உள்ளே நுழையவே இல்லை. பூட்டு புதிது. கிரில்லில் ஒரு கூடுதல் சங்கிலி வேறு.

உள்ளே மூன்று பேருடைய பாஸ்போர்ட், மகளின் இருமல் மருந்து, அடுப்பில் காலையில் வைத்த சாம்பார். மகள் "அம்மா, நம்ம வீடு இதுதானே?" என்று கேட்டாள். நான் போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்தேன். அழுகையோடுதான் பிடித்தேன், கை நடுங்கி முதல் மூன்று படம் மங்கல். நான்காவது தெளிவாக வந்தது. தேதி, நேரத்தோடு பதிவான அந்தப் படம்தான் பிறகு எல்லா இடத்திலும் முதலில் மேசைக்கு வந்தது.

மாலை காவல் நிலையத்துக்குப் போனோம். மக்சிக் கூட வந்து மலாயில் எடுத்துச் சொன்னார். வீட்டு வாடகைத் தகராறு சிவில் விவகாரம், போலீஸ் தீர்ப்பு சொல்ல முடியாது என்று அதிகாரி முதலிலேயே சொன்னார். அது உண்மைதான், இதில் பலர் மனம் உடைந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்பக்கூடாது. புகாரைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டால் பதிவு செய்வார்கள். வெளிநாட்டவரும் கொடுக்கலாம், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் புகாரில் முதலில் "வாடகை பாக்கியால்" என்று ஒரு சொல் நுழைந்திருந்தது. எங்களுக்கு ஒரு ரிங்கிட் பாக்கி கிடையாது. மக்சிக் கவனித்து மாற்றச் சொன்னார். அது அப்படியே போயிருந்தால் எங்கள் வாயாலேயே நாங்கள் கடன்காரர்கள் ஆகியிருப்போம்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட்டையும் குழந்தையின் மருந்தையும் எடுக்க விடுங்கள் என்றார். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார். பத்து நிமிடத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டோம். மறுபடியும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கோம்பாக்கில் கணவரின் நண்பர் வீட்டுக் கூடத்தில் இரண்டு இரவு படுத்தோம்.

அடுத்த நாள் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கே ஆலோசனை சொன்னவர் ஒரு இளம் தமிழ்ப் பெண் வழக்கறிஞர். என் கதையை முழுதாகச் சொல்ல விட்டார். பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 1950, பிரிவு 7(2).

அந்தப் பிரிவு சொல்வதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே அவர் நிறைவேற்றிக்கொள்ள முடியும். பூட்டை மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது, ஆள் வைத்து மிரட்டுவது எதற்கும் இடமில்லை. அடுத்த பிரிவு 8: சட்ட வழியில் அல்லாமல், தன் சம்மதமின்றி வெளியேற்றப்பட்டவர் வழக்குப் போட்டு இருப்பிடத்தைத் திரும்பப் பெறலாம்.

"இதுல குடிமக்கள்னு எங்கயாவது இருக்கா அக்கா?" என்று நான் கேட்டேன். "இல்லைங்க. குடியிருப்பவர்னுதான் இருக்கு" என்றார்.

சரி, ஆனால் அவர் எங்களுக்கு இனிப்பாக மட்டும் பேசி அனுப்பவில்லை. ஒப்பந்தம் முடிந்து மாதாமாதம் ஓடும் குடியிருப்பை முறையான நோட்டீஸ் கொடுத்து முடிக்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. அந்தத் தேதிக்கு மேலும் இருந்தால் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி இரட்டை வாடகை கேட்கலாம். ஒரு நாளைக்கு எங்களுக்கு 80 ரிங்கிட் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். "சட்டம் உங்களுக்கு வாங்கித் தர்றது நேரம்தான். அந்த நேரத்துல வேற வீடு பாருங்க" என்றார். உள்ளே இருக்கும் எங்கள் பிரிட்ஜையும் கட்டிலையும் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வாரா என்று பயந்து கேட்டேன். வாடகை பாக்கி உண்மையாகவே இருந்தால்கூட 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி நீதிமன்ற ஆணை வாங்கித்தான் சாமானைப் பறிமுதல் செய்ய முடியும், அதையும் நீதிமன்ற ஆட்கள்தான் வந்து செய்ய வேண்டும் என்றார்.

வீடு விற்கப்போவதைப் பற்றியும் ஒன்று சொன்னார், இது பலருக்குத் தெரியாது. மூன்று ஆண்டு வரையிலான குடியிருப்பு ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் நில உரிமைப் பத்திரத்தில் அதைக் குறிப்பாக ஏற்றாவிட்டால் புதிதாக வாங்குபவரை அது கட்டாது. நாங்கள் ஏற்றியிருக்கவில்லை. யார் ஏற்றுகிறார்கள்!

அவர் சொல்லச் சொல்ல என் கணவர் ஒரு கடிதம் எழுதினார். ஒரே பக்கம், மலாயில். எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறோம், வாடகை எதுவரை கட்டியாயிற்று, எந்த நாளில் தண்ணீர் நின்றது, எந்த நாளில் பூட்டு மாறியது, போலீஸ் புகார் எண், பிரிவு 7(2), பிரிவு 8, 24 மணி நேரத்துக்குள் சாவி தராவிட்டால் நீதிமன்றம். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. நான் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன், அவர் வேண்டாம் என்றார். கையெழுத்து வாங்கும் கூரியரில் ஒன்று, வாட்ஸாப்பில் ஒன்று.

மறுநாள் சாயந்திரம் புதுச் சாவி வந்தது. தண்ணீரும் வந்தது. இமிகிரேஷனுக்கு யாரும் போன் போட்டதாகத் தெரியவில்லை. பாஸ் அடுத்த மாதம் புதுப்பித்து வந்துவிட்டது.

2024 மார்ச் கடைசியில் காலி செய்வதாக இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே சாவியைக் கொடுத்தோம். டெபாசிட் 3,000 எப்போது கிடைக்கும் என்றால், கழித்தது போக உங்களுக்கு ஒன்றும் வராது என்றார். பெயிண்ட் 800, சுவர் 550, சுத்தம் செய்ய 400, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மாத வாடகை பாக்கி 1,200, மிச்சத்துக்குக் கரண்டு பில்.

ஒரு மாத பாக்கி என்ற அந்தப் பொய்தான் என்னை உட்கார விடவில்லை. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை என்ற தைரியம் அவருக்கு. ஆனால் ஒவ்வொரு மாதமும் பணம் கொடுத்துவிட்டு நான் வாட்ஸாப்பில் "அங்கிள், இந்த மாச வாடகை 1,200 கொடுத்தாச்சு" என்று போட்டு வைப்பேன். மறதிக்காகப் போட்டது, சட்டம் நினைத்துப் போடவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படம் போட்டிருந்தார். இருபத்து நான்கு மாதம், இருபத்து நான்கு கட்டைவிரல். எல்லாவற்றையும் தேதி வாரியாக அச்செடுத்தேன்.

முதலில் நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார்கள் சிலர். நிலம், வீடு சம்பந்தப்பட்ட உரிமைகள் அதன் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன, அங்கே போய் நாளை வீணாக்க வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்கான வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கும் சிறு உரிமைக் கோரிக்கை. மலாயில் துந்துத்தான் கெச்சில். 5,000 ரிங்கிட் வரை கேட்கலாம். படிவம் 198. இரு தரப்பிலும் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. நாமே பேச வேண்டும், அவரும் தானே பேச வேண்டும். இரண்டரை மாத டெபாசிட் என்ற இந்த ஊர் வழக்கத்தில், வாடகை 2,000க்குள் இருக்கும் எந்த வீட்டின் டெபாசிட்டும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் படிவம் கொடுக்கப் போனபோதுதான் இரண்டு சிக்கல் தெரிந்தது. ஒன்று, ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை. எல்லா ஆதாரமும் என் போனில், எல்லா நினைவும் என் தலையில், ஆனால் வழக்குப் போட என் கணவரால்தான் முடியும். ஒவ்வொரு தவணைக்கும் அவர் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. கணவனும் மனைவியும் குடியிருந்தால் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீடென்றால் நால்வர் பெயரும் இருக்கட்டும். பெயருள்ளவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இரண்டாவது முத்திரை வரி. 1949ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி கையெழுத்தான 30 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. எங்கள் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அன்றைய கணக்கில் வெறும் 48 ரிங்கிட்தான். இரண்டு வருடம் கழித்துப் போனதால் வரியைவிட அபராதம் அதிகம் கட்டினோம். ஆனால் கட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள், தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் வர வேண்டியதில்லை, குடியிருப்பவரே உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையதளத்தில் கட்டலாம். 2025 முதல் கணக்கு மாறியிருக்கிறது: முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400க்கு விலக்கு இருந்தது, இப்போது இல்லை. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ரிங்கிட். அதே 1,200 வாடகைக்கு இன்று ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் 58 ரிங்கிட் வரும். நகல் பிரதிக்குத் தனியாக 10.

விசாரணை அன்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் பேசினார். அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் "உங்கள் பெயர்?" என்று தமிழில் கேட்டபோது என் கணவருக்கு இருந்த பதற்றம் பாதி இறங்கியதாகச் சொன்னார். இந்த நாட்டுத் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்ந்து சேர்த்து வைத்ததை நேற்று வந்த நாங்கள் அனுபவிக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றியது. எங்களைப் பூட்டி வெளியே நிறுத்தியவரும் தமிழர்தான், எங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவரும் தமிழர்தான், வாளி வாளியாகத் தண்ணீர் தந்தவர் மலாய்க்காரர். இனம் பார்த்து யாரையும் நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

கட்டைவிரல் படங்களைப் பார்த்ததும் பாக்கிப் பேச்சு அடங்கியது. பெயிண்டுக்கு அவரிடம் ரசீது இல்லை. குழாய் கசிவின் கதை முழுதும் குரல் செய்திகளில் இருந்தது. அவற்றை எழுத்தாக்கி, போனையும் கையில் வைத்திருந்தோம். ஒரே இடத்தில் தோற்றோம். கூடத்துச் சுவரில் இருந்த பெரிய கறை நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அதை எப்படிக் காட்டுவது? குடிபுகுந்த நாளில் நாங்கள் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வெளியே பேசி முடிக்கச் சொன்னார்கள். 2,450க்கு ஒப்புக்கொண்டோம். சுவருக்கான 550 போயிற்று. பணம் இரண்டு தவணையாக வந்தது. காலி செய்ததிலிருந்து கடைசிக் காசு வரும்வரை ஏழு மாதம்.

அந்த ஏழு மாதமும் நாங்கள் இந்த நாட்டில் இருந்தோம் என்பதால்தான் வந்தது. கோயம்புத்தூருக்கே திரும்பிப் போன ஒரு குடும்பம் 3,800 ரிங்கிட்டை விட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரியும். சாவி கொடுத்த மறுநாள் அவர்களுக்கு விமானம். "பார்த்துட்டு பேங்க்ல போட்டு விடறேன்" என்றாராம் வீட்டுக்காரர். சிறு உரிமைக் கோரிக்கைக்கு நேரில் நிற்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து எப்படி நிற்பது? வெளிநாட்டவரிடம் வீட்டுக்காரர்கள் பலர் கணக்குப் போடுவது இந்த ஒன்றைத்தான். ஆகவே ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் டிக்கெட் தேதிக்கு ஆறு வாரம் முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டு நண்பர் வீட்டில் இருங்கள். முடியாவிட்டால் கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சம்மதம் எழுத்தில் வந்த பிறகே நிறுத்துங்கள். பலர் கேட்காமலே வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். அது ஒப்பந்தத்தை நீங்கள் மீறியதாகிவிடும், நியாயம் உங்கள் பக்கம் இருந்ததும் போய்விடும்.

முதலாளி கொடுத்த இடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு வழி வேறு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் உணவகத்தில் வேலை செய்கிறான். கடைக்கு மேல்மாடி அறையில் பதினான்கு பேர், சம்பளத்தில் மாதம் 180 பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வாடகை ஒப்பந்தமே கிடையாது. அங்கே பேசுவது 446ஆம் சட்டம், அதாவது தொழிலாளர் தங்குமிடத்துக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம். முன்பு தோட்டம், சுரங்கம் என்று சிலருக்கு மட்டும் இருந்ததை 2020 ஜூன் முதல் எல்லாத் தொழிலுக்கும் விரித்துவிட்டார்கள். தங்குமிடத்துக்கு முதலாளி தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சாதாரண வீடு, கடைவீட்டு அறையென்றால் தலைக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர், தங்கும் விடுதியென்றால் 3 சதுர மீட்டர். தங்குவதற்காக மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது. அவன் புகார் கொடுக்கத் தயங்கினான், அவன் பாஸ் அந்த முதலாளி பெயரில் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்யும் ஒரு அமைப்பின் மூலம் பேச வைத்தோம். ஆறு பேரை வேறு அறைக்கு மாற்றினார்கள், பிடித்தம் 100 ஆனது.

பாஸ் முடிந்துபோன ஒருவர் என்னிடம் கேட்டால் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். மிரட்டும் வீட்டுக்காரருக்கும் அதில் கை சுடும். ஆவணமில்லாதவரைத் தெரிந்தே தன் இடத்தில் தங்க விட்டால் குடிநுழைவுச் சட்டத்தின் 55E பிரிவில் ஒரு ஆளுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஆனால் அதை நம்பி நேராகக் காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் தடுத்து வைக்கப்படுவது வீட்டுக்காரர் ஆக மாட்டார். முதலில் சட்ட உதவி மையம், இல்லாவிட்டால் 1991 முதல் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் தெனாகானித்தா போன்ற அமைப்பு. அவர்களோடு பேசிய பிறகுதான் மற்றது.

இப்போது பத்துமலைப் பக்கம் வேறு வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தத்தில் இரண்டு பெயர். முத்திரை வரி மூன்றாம் நாளே கட்டியாயிற்று. வாடகை வங்கி வழியாகப் போகிறது. இந்த வீட்டுக்காரர் சீன முதியவர், நாங்கள் ஸ்டாம்பிங் கேட்டதும் "நல்லது, எனக்கும் பாதுகாப்பு" என்று தலையாட்டினார்.

சாவி வாங்கிய அன்று சாமான் ஏற்றும் முன் காலி வீட்டை வீடியோ எடுத்தோம். போனைப் பிடித்தது மகள். ஒவ்வொரு அறையாகப் போய், குழாயைத் திறந்து மூடி, சுவரில் ஒரு கீறலைக் கண்டால் நின்று, விரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. இதுவும் முன்னாடியே இருந்துச்சு. இந்தக் கதவுல ஓட்டை, அதுவும் முன்னாடியே." பதினேழு நிமிட வீடியோ. வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பினேன். அவரும் ஒரு கட்டைவிரல் போட்டார்.